பாயின் புதிய காப்பீட்டு அட்டை

எங்கள் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நிறுத்தப்படுவதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. அடுத்த வீட்டு இப்ராஹிம் பாய்க்கும் அதே திட்டந்தான். ஆனால் தோல் வியாபாரியான அவர் சில நாட்களிலேயே வேறொரு நிறுவனத்தின் பளபளக்கும் புதிய அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்தார். இதய நோயாளியான என் மனைவியின் நிலையோ கேள்விக்குறியாக இருந்தது. பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய முகவரையே தேடிப் புறப்பட்டேன். தெருமுனையில் பாய் மறித்தார்.

"எங்கண்ணே இம்புட்டு வெரசா?"

"ஏன், நீங்க மட்டுந்தான் புதுக் கார்டு வச்சிருக்கணுமா பாய்?"

அவர் முகம் சுருங்கியது. "நான் ஏமாந்துட்டேண்ணே. புதுசா எடுத்தா, பழைய நோய்க்கு மறுபடி முதல்லேருந்து காத்திருக்கணுமாம். என் சுகருக்கு இப்ப ஒண்ணும் கெடைக்காது. எனக்குப் பழைய திட்டத்தோட கெடு முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு இன்னும் நாளிருக்கு. நம்ம பழைய கம்பெனியிலேயே வேற திட்டத்துக்கு மாத்திக் கேளுங்க. காத்திருந்த வருசமெல்லாம் சேந்து வரும். மதினிக்கு நெஞ்சுவலியாச்சே!"

அவ்வாறே மாற்றிக்கொண்டேன். என் மனைவிக்குப் பாதுகாப்பு விடுபடாமல் தொடர்கிறது.

அவர் வாய் திறவாதிருந்தால், என் கண்ணுக்குக் கெட்டிக்காரராகவே இருந்திருப்பார். அவர் இடத்தில் நானாக இருந்தால் திறந்திருக்க மாட்டேன். பாயின்மேல் எனக்குப் பொறாமை இன்றும் உண்டு. அந்த அட்டைக்காக அல்ல.