எங்கே போறீங்க?

பினாங்கிலிருந்து கப்பலேறிப் படிக்க வந்து, ராயபுரத்தில் ஒரு மீனவர் வீட்டு அறையில் தங்கியிருக்கிறேன். விடியற்காலையில் வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார்.

"எங்கே போறீங்க, அண்ணே?" என்கிறேன். எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அவரோ என்னை முறைத்துவிட்டு, வலையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா தம்பி, கடலுக்குக் கெளம்புற ஆள அப்டி கேக்கலாமா? போற காரியம் கெட்டுப்பூடும்," என்றபடி அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கணவரிடம் கொடுக்கிறார். குடித்துவிட்டு அவர் மறுபடி கிளம்புகிறார்.

வெயில் ஏறியதும் புத்தகங்களோடு நானும் கிளம்புகிறேன். தெருவே பார்க்கிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை. இதைத்தான் இத்தனை நாளும், யாருக்கும் என்மேல் அக்கறையில்லை என்று நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேனா?