பின் இருக்கை

என் அக்கா வீட்டுக்காரர் பைக் சீட் தைப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் "சீட் கடை அண்ணன்", எனக்கு மாமா. அவர் கடையும் என் மெக்கானிக் கடையும் ஒட்டியபடி இருக்கின்றன. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதனால் அந்த மனுஷனின் பிடிவாதம் முழுவதையும் தினமும் பார்த்துத் தொலைக்க வேண்டியது என் தலையெழுத்து.

எங்கள் ஊரைச் சுற்றி மலை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதாவது ஒரு மேடு வந்து கண்ணை மறிக்கும். கல்யாணமான புதிதில் அக்கா மாமாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாலு பக்கமும் வானம் தரையில இறங்கி நிக்குமாமே, அந்தச் சமவெளி முழுக்க உங்க பைக்ல பின்னாடி உக்காந்து போகணும்." நகை கேட்டாளா, வீடு கேட்டாளா? மாமா பூரித்துப்போய்த் திட்டம் போட ஆரம்பித்தார். எந்த ரோடு, எங்கே பெட்ரோல் பங்க், எங்கே தங்குவது எல்லாம் சீக்கிரமே முடிவாகிவிட்டது. எஞ்சினைப் பிரித்து நான் புதுசாக்கிக் கொடுத்தேன். பாக்கி சீட் ஒன்றுதான். அங்கேதான் வந்தது வினை.

"மலைப்பாதையில வளைவுக்கு வளைவு உடம்பு தானா அசைஞ்சு குடுக்கும்டா. சமவெளியில நேர் ரோடு. காலைல உக்காந்த மாதிரியே சாயங்காலம் வரை உக்காந்திருக்கணும். ஒரு தையல் துருத்திக்கிட்டு இருந்தாலும் அவ இடுப்பு போயிடும்" என்பார். பேச்சில் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்த கூத்தைக் கேளுங்கள். சீட்டை ஒரு மர ஸ்டாண்டில் மாட்டி, பின் இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஊரார் சீட்டையெல்லாம் நாள் முழுக்கத் தைப்பார். "என்ன அண்ணே, இன்னைக்கு எதுவரைக்கும் போயிட்டு வந்தீங்க?" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் கிண்டலடிப்பான். சாயங்காலம் இறங்கி, "ம்ஹூம், தொடை மரத்துப்போகுது" என்று ரெக்சினைப் பிரித்துப் போட்டுவிடுவார்.

"அக்காவை ஒரு தடவை உக்கார வெச்சுப் பாருங்க மாமா" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

"முடிச்சுட்டுத்தான் அவகிட்ட காட்டுவேன்."

அக்காவுக்கு மருந்துக் கம்பெனியில் பாட்டில்களுக்கு மூடி போடும் வேலை. முதுகு சாய வழியில்லாத ஸ்டூல். வருஷா வருஷம் லீவு சொல்லிவிட்டுப் பையைக் கட்டுவாள். ஒரு வருஷம் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மாமா கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தார். "ஸ்பாஞ்சு கொஞ்சம் அமுங்கிடுச்சு. அடுத்த லீவுக்குக் கண்டிப்பா" என்றார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லீவு வேண்டாமென்று கம்பெனிக்குக் கிளம்பிப் போனாள். சண்டை போட்டிருக்கலாம், பாவி. அதற்குப் பிறகு அவள் பயணத்தைப் பற்றிக் கேட்டதேயில்லை. அதைக்கூட மாமா கவனிக்கவில்லை, தையலில் அவ்வளவு மும்முரம்.

போன மழைக்காலத்தில் அக்கா ஸ்டூலிலிருந்து எழ முடியாமல் அப்படியே சரிந்தாள். முதுகெலும்பில் ஆபரேஷன். "நடக்கலாம், படுக்கலாம். ரொம்ப நேரம் உக்காரக் கூடாது. பைக் இனிமே ஆகவே ஆகாது" என்று டாக்டர் மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் மாமா சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். உண்மையிலேயே முடித்திருந்தார். எத்தனையோ பைக் என் கையில் வந்து போயிருக்கிறது, அப்படியொரு சீட்டை நான் பார்த்ததில்லை. தடவினால் தையல் எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியவில்லை. அக்கா படுத்தபடியே உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"உன் இடுப்பு நோகக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தார் மாமா. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம். பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"பலகையைப் போட்டு உக்காருன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேங்க" என்றாள் அக்கா. "உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டே வந்திருப்பேன். சீட்டை யாருங்க நினைச்சா?"

அவள் மெல்ல ஒருக்களித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.