திருவிழா அன்று தெளிந்த ஓடை

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா இப்போது சுற்றுலா விடுதி. மோட்டார், குழாய், தொட்டி எல்லாம் என் பொறுப்பு. வந்து தங்குபவர்கள் குளித்த தண்ணீரும், அவர்களுடைய துணி துவைத்த தண்ணீரும் பின்பக்கத் தொட்டியில் சேரும். நிரம்பியதும் வால்வைத் திறந்துவிடுவேன். அது நேரே ஓடையில் விழுந்து, என் தங்கை குடியிருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கமாகப் போகும்.

நுரையும் நாற்றமும் தாங்காமல் லயத்து ஆட்கள் ஓடையைக் கைவிட்டுவிட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலையில் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு நடந்தார்கள். தேயிலைக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். மருந்துக்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச? எனக்கு வாய் இருந்தது, வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது.

இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுப்பது தங்கை புருஷன். மச்சான் விரதமிருந்து வாடிப்போயிருந்தார். ஓடையில் முங்கி எழுந்து, அந்தக் கரையிலேயே கரகக் குடத்துக்குப் பூச்சுற்றிப் பாலித்துத் தூக்கி வருவதுதான் எங்கள் வழக்கம். அந்த அழுக்குத் தண்ணீரில் அவர் முங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் நாள் மாலையே யாரிடமும் சொல்லாமல் வால்வை இறுக்கி மூடினேன்.

மறுநாள் ஓடையின் அடியில் கிடக்கும் கல்கூடத் தெரிந்தது. "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று பெண்கள் குலவை போட்டார்கள். மச்சானின் விரதம்தான் தண்ணீரைத் தெளியவைத்தது என்று ஊரே அவர் காலில் விழுந்தது. மச்சான் அழுதேவிட்டார். வெட்கங்கெட்டவன், நானும் போய் விழுந்தேன்.

அடுத்த நாள் காலையில் தொட்டி வழிந்து விடுதி முற்றத்துக்கே வந்துவிட்டது. தங்கியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் கத்தினார். ஓடிப்போய் வால்வைத் திறந்தேன். அப்போதுதான் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, இனி பீலிக்கு நடக்கத் தேவையில்ல. ஓடையிலயே தண்ணி புடிக்கிறோம். புள்ளைங்க எறங்கி ஆசையா அள்ளிக் குடிக்குதுங்க, கேக்குதா?"

கேட்டது. தங்கையின் சின்ன மகள் சிரிப்பது தனியாகவே கேட்டது. போனிலேயே கத்தினேன்.

"புள்ளைகள மேல ஏத்து! யாரும் அந்தத் தண்ணியத் தொடாதீங்க!"

"ஏண்ணே?"

"ஆத்தா ஒண்ணும் செய்யல. நான்தான் பங்களா அழுக்குத் தண்ணிய மூடி வச்சிருந்தேன். இப்பத் தொறந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே வால்வை மறுபடி திருகினேன். ஆனால் போனது போனதுதான், அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், குடம் கவிழ்வதும், யாரோ ஏசுவதும் கேட்டது. சிரிப்பு நின்றுபோனது. பிறகு தங்கை கேட்டாள்.

"அப்ப இத்தன வருசமும் தொறந்து விட்டது நீதானாண்ணே?"