மூட்டையை மறந்தவள்

டாக்டர் கொடுத்த தாளில் ‘பொருட்களைத் தொலைப்பீர்களா?’, ‘எடுத்த வேலையைப் பாதியில் விடுவீர்களா?’ என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘அடிக்கடி’ என்று டிக் போட்டேன். என் தங்கை போட்டிருந்தால் பூராவும் ‘இல்லை’தான். நாற்பத்து மூன்று வயதில், எனக்கு இருப்பது ஏடிஹெச்டி என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்ன நிமிஷத்திலும் அவளை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. பிறவியிலேயே கவனம் ஒரு இடத்தில் நிற்காத மூளையாம். சோம்பலோ திமிரோ இல்லையாம்.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். எனக்குப் பதினேழு வயதில், ஊறவைத்த விதை நெல்லைச் சாக்கில் கட்டி வைக்கோலால் மூடிவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும் சொல்லும்படி நைனா என்னிடம் ஒப்படைத்தார். நான் மறந்தே போனேன். பிரித்தபோது முளையும் வேரும் பின்னிக் கிடந்தன. நாற்றங்காலில் தெளிக்க ஒரு பிடி தேறவில்லை. அன்றிலிருந்து நான் ‘மூட்டைய மறந்தவ’. என் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். “சின்னவளப் பாத்துக் கத்துக்கோ” என்று அம்மா சொல்லாத நாளில்லை.

டாக்டரிடமிருந்து நேராகக் காவாந்தண்டலத்துக்கு, தங்கை வீட்டுக்குப் போனேன். உத்திரமேரூரில் பஸ் மாறும்போது குடையை விட்டுவிட்டேன். ‘உன் மேல தப்பில்ல’ என்று அவள் வாயால் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

காய்ந்த துணிகளை ஓரம் பிசகாமல் மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அந்த மூட்டைய நான் பாத்தேன்க்கா,” என்றாள். “ரெண்டாம் நாளு காலைலயே. மொள சரியா வந்துகினு இருந்துச்சி. வேணும்னே சொல்லாம வுட்டேன்.”

“ஏன்டி?”

“நீ இன்னா பண்ணாலும் நைனா உன்னத்தான் கொஞ்சுவாரு. எல்லாத்தயும் சரியா பண்ணிக்கினு நான் நிப்பேன், யாரு பாத்தாங்க? ஒரு தபா நீ நல்லா திட்டு வாங்கட்டும்னு இருந்துச்சி. உன் மேல தப்பில்லக்கா.”

கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. திரும்பும் பஸ்ஸில்தான் இன்னொன்று உறைத்தது. நான் செய்த தப்பு எதையும் தெரிந்து செய்ததில்லை. அவளோ மூட்டையைப் பார்த்திருக்கிறாள், யோசித்திருக்கிறாள், முடிவெடுத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். பாவி, தப்பைக்கூட எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறாள்! அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.