நான் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும், மன்னிக்கவும். படித்தது ஐந்தாவது வரைதான். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் மறந்துபோகிறது.

சேலையூரில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பது ஒரு சின்னக் கம்பெனி. போன மழைக்காலத்தில் என் லைனைத் துண்டித்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் முகத்தை நான் பார்ப்பதே அதில்தான். ஆபீசுக்குப் போனேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

"ஒரே நேரத்துல உங்க பாஸ்வேர்டுல ரெண்டு பேர் உள்ள இருக்காங்கம்மா," என்றார் மேனேஜர். "மாடி வீட்டுக்குக் குடுத்திருக்கீங்க. அவங்களையும் போன்ல சத்தம் போட்டுட்டேன். இனிமே குடுக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, லைன் வந்துடும்."

"நான் குடுக்கலையே சார்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"அப்போ நான் சொல்றேனா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பேனாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"சாப்பாட்டு நேரம்மா."

"சாப்பிடுங்க சார். நான் இருக்கேன்."

கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, என் பதிவைத் திறந்து பார்த்தாள். "சார், ரெண்டு பேர்னு காட்டுற ரெண்டு வரியிலயும் ஒரே செஷன் நம்பர்தான் இருக்கு."

எனக்கும் புரியும்படி சொன்னாள். ஒவ்வொரு தடவை இன்டர்நெட்டுக்குள் வரும்போதும் புதிதாக ஒரு நம்பர் விழுமாம், அதுதான் செஷன் நம்பர்; ரெண்டு பேர் என்றால் ரெண்டு நம்பர் இருக்கணுமாம். நான் உள்ளே வந்ததும், தெருமுனையில் இருக்கும் கம்பெனிப் பெட்டி அந்த நம்பரோடு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புமாம். பதில் வராவிட்டால் அதையே திரும்ப அனுப்புமாம். மழையில் பதில் போய்ச் சேராமல், பெட்டி இரண்டாம் தடவை சொன்னதை இந்தக் கம்ப்யூட்டர் வேறு ஆள் என்று எழுதிவிட்டது.

"சர்ச்சுல இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஒரே கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு ஓலை வாசிக்கிறாங்க," என்றேன். "மாப்பிள்ளைக்கு மூணு பொண்டாட்டியா வராங்க?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. "சரிம்மா, லைன் குடுத்துடறோம். கிளம்புங்க."

"மாடி வீட்டுக்குப் போன் போட்டு, தப்பு உங்களதுன்னு சொல்லுங்க. அப்புறம் கிளம்பறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். முழுதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். செய்யாததற்கு இனியும் கையெழுத்துப் போடமாட்டேன், மகளைப் பார்க்க முடியாமல் போனாலும் சரி.

அதே செஷன் நம்பர் மறுபடி வந்தால் புது வரி விழாதபடி அந்தப் பெண் மாற்றிவிட்டாளாம். பெட்டி, நம்பர் சமாச்சாரமெல்லாம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள்.