அடைத்த பின்கதவு

இணுவிலில் நான் வாங்கிய, நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீட்டின் பின்கதவை எடுத்துவிட்டுக் கல் வைத்து அடைப்பதற்காக மேசன் அண்ணை நேற்றுச் சுவரை நனைத்தபோது, ஈரச் சுண்ணாம்பின் வாசம் எழுந்து என்னை அதே வாசலில் ஆறு வயதுப் பிள்ளையாக நிறுத்திவிட்டது.

இந்த வீட்டுக்குத்தான் அம்மா மா இடிக்கவும் வளவு கூட்டவும் வருவார். எங்கள் சாதிக்கு அந்தப் பின்வாசலுக்கு அப்பால் அனுமதி இல்லை. அதனால் உள்முற்றத்தில் விழும் வெயிலையும், யாரோ பாடம் படிக்கும் சத்தத்தையும், தேங்காய்ப்பால் கொதிக்கும் மணத்தையும் நான் வெளியே நின்றுதான் அறிந்தேன். அம்மாவின் தேநீர்ப் பேணி வெளிச்சுவர் மாடத்தில் குப்புறக் கிடக்கும். அதில் எறும்பு ஊராத நாளில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்து, உழைத்து, அந்த வீட்டையே வாங்கினேன்.

"குசினிக்குப் பின்கதவு இல்லாட்டி மீன் கழுவ எந்தப் பக்கத்தாலை போறது, தங்கச்சி?" என்று மேசன் அண்ணை சிரித்தார்.

"முன்னாலை போவம்" என்றேன். இனி யாரும் அந்த வழியால் வரக்கூடாது, முக்கியமாக அம்மா.

இன்று அம்மா முதன்முறையாக வீடு பார்க்க வந்தார். முன்கதவை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் குரல் பின்னாலிருந்து, ஈரம் காயாத புதுச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது.

"பிள்ளை, கதவைக் காணேல்லை."

"முன்னாலை வாங்கோ அம்மா."

"வேண்டாம், காலெல்லாம் மண்."

சுற்றி ஓடினேன். நான் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அந்த வெறும் மாடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.