இழுக்காத வண்டிகள்

நின்றுபோன வண்டியை எப்படியாவது ஓட்டிவிடலாம். ஓடிக்கொண்டே இழுக்க மறுக்கிற வண்டிதான் மெக்கானிக்கின் தூக்கத்தைத் தின்றுவிடும். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் காரைக்குடியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். ஆக்சிலேட்டரை அழுத்து அழுத்தென்று அழுத்தியும் மாட்டுவண்டி உங்களை முந்திப் போயிருக்கிறதா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். உங்களுக்கு ஒரு வண்டிக் கவலை, எனக்கு ஊர் வண்டிக் கவலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்தாவது மைல்

நெற்குப்பையில் ஓர் ஆச்சி வீட்டுப் பழைய சீமைக் கார். புறப்பட்டுப் பத்து மைல் ஜோராக ஓடும். பிறகு மூச்சு வாங்கும், மெதுவாகும், நின்றே போகும். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். பிளக் மாற்றினேன், பாயிண்ட் மாற்றினேன், கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவினேன். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் குதிரைதான். மூன்றாம் தடவையும் அது வாசலில் வந்து நின்றது. அடுத்த வாரம் ஆச்சி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான்.

"நீயும் ஏறு ராசு. நிக்கிறது உன் கண்ணு முன்னாடியே நிக்கட்டும்" என்றார் பின் சீட்டிலிருந்த ஆச்சி. முன் சீட்டில் உட்கார்ந்தேன். பத்து மைல் நெருங்க நெருங்க எனக்கு மூச்சு வாங்கியது. தாண்டியதும் வண்டிக்கும் வாங்கியது. இறங்கிப் பார்த்தால் கார்புரேட்டருக்குப் பெட்ரோலே வரவில்லை. டேங்க் நிறைய இருக்கிறதே என்று மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது! பெட்ரோல் குறையக் குறையக் காற்று போவதற்காக மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. டிரைவர் தினமும் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் அது அடைத்துக்கொண்டிருந்தது. ஆச்சியிடம் ஓர் ஊக்கு வாங்கிக் குத்திவிட்டேன். அதற்கப்புறம் வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆச்சி அந்த மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இப்படி மினுங்குதேன்னுதான் போன மாசம் அவனுக்கு வேட்டி எடுத்துக் குடுத்தேன்."

துணி

இதை இன்றைக்குச் சொல்லும்போதும் எனக்கு வேர்க்கிறது. அமராவதிபுதூரில் ஒரு பண்ணை வீட்டுக் கார், இழுவை இல்லை என்று வந்தது. ஏர் கிளீனர் முழுக்கப் புழுதி. கழுவி மாட்டினேன். மாட்டும்வரை குப்பை விழாமல் இருக்கக் காற்றுக் குழாயின் வாயில் துணி செருகி வைப்பது என் வழக்கம். வேலை முடிகிற நேரத்தில் அந்த வீட்டு டிரைவர் சுப்பையா ஓடிவந்தார். பண்ணை வீட்டு மகளுக்கு இடுப்பு வலி, சிக்கலாக இருக்கிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். "முடிஞ்சுதா அண்ணே?" என்றார். "முடிஞ்சுது, எடுங்க" என்றேன்.

வண்டி போன பிறகு கை துடைக்கத் துணியைத் தேடினேன். பெஞ்சில் இல்லை, கீழே இல்லை, தோளிலும் இல்லை. குழாயின் வாயில் செருகியதை எடுக்கவே இல்லை. குழாயை முழுக்க அடைத்திருந்தால் வண்டி கிளம்பியே இருக்காது. அரைகுறையாக அடைத்திருந்தால் கிளம்பும். ஆள் ஏறி, மேடு வந்தால் திணறும். சைக்கிளை எடுத்துக்கொண்டு அமராவதிபுதூருக்குப் பறந்தேன். "இப்பத்தான் போனாக, கால் மணி ஆச்சு" என்றார் வாசலில் நின்ற அந்த வீட்டு அம்மா. அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சுப்பையா வந்தார். எழுந்து நின்றேன். "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்று அவரே சொன்னார். பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் வண்டி திணற ஆரம்பித்ததாம். பானெட்டைத் திறந்து பார்த்தாராம். மடியிலிருந்து நான்காய் மடித்த துணியை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்.

"உங்க துணி அண்ணே. வைகையில அலசிக் காயப் போட்டுத்தான் கொண்டாந்தேன்."

கட்டை விரல்

டாக்சி ஓட்டும் காசிம் மாதம் ஒருமுறை வருவார். "இழுவை கொஞ்சம் கம்மியா இருக்குண்ணே" என்பார். ஒருநாள் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றச் சொன்னேன். நல்ல இன்ஜினாக இருந்தால் காற்று விரலைத் தள்ளிவிடும். இது குழந்தை ஊதுவதுபோல ஊதியது. நாலு சிலிண்டரும் அப்படித்தான். உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது. இன்ஜினை இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்கினால், சாமான் வந்துசேர ஒன்றரை மாதமாவது ஆகும். அந்த வண்டியை நம்பி ஆறு பேர் சாப்பிடுகிறார்கள். "டைமிங் சரி பண்ணியிருக்கேன், பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதமும். எந்த ரோட்டில் யாரை ஏற்றிக்கொண்டு நிற்கப் போகிறாரோ என்று தினமும் பயந்தேன்.

நாலாம் மாதம், சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பின்னால் இன்ஜினை இறக்கி வேலை பார்த்து அவர் பல வருஷம் ஓட்டினார்; அது வேறு. அன்றைக்கு அவர் பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்ணே. நீங்க சொல்லாத வரைக்கும் ஓட்டிக்கலாம்னுதான் உங்ககிட்டயே வந்துக்கிட்டிருந்தேன்."

என் கைக்கு வந்த வண்டிகளில் முக்கால்வாசி நன்றாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டன. இன்றைக்கும் தெருவில் எந்த வண்டி திணறினாலும் அது நான் பார்த்த வண்டியோ என்று கலங்குகிற இந்த வயிற்றுக்குத்தான் நான் இன்னும் மெக்கானிக் தேடிக்கொண்டிருக்கிறேன்.